காதுக்கு எட்டாத அதட்டல்

எறும்பு கடித்தும் குழந்தை அழவில்லை. நித்திலாவைப் பயம் பிடித்துக்கொண்டது அன்று காலையில்தான்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தொட்டிலில் கிடந்த தாரிகாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தாள். குழந்தையின் கழுத்தில் யாரோ சிவப்பு நூல் கட்டிவிட்டதுபோலத் தெரிந்தது. அந்த நூல் நகர்ந்தது. செவ்வெறும்புகள். தொட்டில் கயிற்றில் வரிசையாக இறங்கி வந்து, தாடையில் வழிந்து காய்ந்திருந்த பாலை மொய்த்துக்கொண்டிருந்தன. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது.

தாரிகா தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வாயிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

நித்திலா போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து கணவன் தினகர் ஓடிவந்தான். இரண்டு பேருமாகக் குழந்தையைத் தூக்கி, துணியை உருவிப்போட்டு, தண்ணீர் ஊற்றி எறும்புகளைக் கழுவினார்கள்.

"நான் இங்கதாங்க உக்காந்திருந்தேன்" என்று தினகர் திரும்பத் திரும்பச் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. "கதவு தெறந்துதான் இருந்துச்சு. ஒரு சத்தம் போட்டிருந்தா வந்திருப்பேனே. ஒரு சின்னச் சத்தம்..."

அதுவரை பார்த்தவர்களெல்லாம் நித்திலாவைக் கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிவார்கள். அவள் மூன்றாம் மாதத்திலிருந்தே நிம்மதியாகத் தூங்கினாள். தாரிகா பசித்தால் விரலைச் சூப்புவாள். ஈரமானால் அப்படியே கிடப்பாள். அது அவள் சுபாவம் என்று நித்திலாவும் நம்பியிருந்தாள். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கோவையில் இப்போது யாரும் குளிர்காலம் என்று சொல்வதில்லை. புகைக்காலம் என்றுதான் சொல்கிறார்கள். கார்த்திகையில் ஊர்மேல் கவிழும் சாம்பல் நிறப் போர்வை மாசி முடியும்வரை விலகாது. மருதமலை இருக்கிற திசையே தெரியாது. அந்தப் புகையில் முதலில் செத்தவை கைக்குழந்தைகள். அதற்கப்புறம் பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, தொட்டிலில் மாட்டுவதற்குக் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி வாங்கியாயிற்றா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் 'தளிர்'. சரவணம்பட்டியில் சென்னியப்பன் நடத்திய சின்ன நிறுவனம் அதைத் தயாரித்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். விசிறி கிடையாது, இரைச்சல் கிடையாது. உள்ளே ஓர் ஊசி, அதன் முனையில் ஆறாயிரம் வோல்ட். முனையிலிருந்து கிளம்பும் மின்னேற்றம் காற்றில் மிதக்கும் தூசியைப் பிடித்து எதிரே இருக்கும் தகட்டில் ஒட்டவைத்துவிடும். ஓடுகிற மின்சாரம் மிகவும் அற்பம் என்பதால் கை பட்டாலும் ஆபத்தில்லை.

போன் சார்ஜரிலிருந்து வரும் ஐந்து வோல்ட்டை ஆறாயிரமாக ஏற்றிக்கொடுத்த அந்தக் குட்டி மின்வழங்கி அங்கே வேலை பார்த்த நித்திலாவின் கைவேலை. கட்டைவிரல் நகம் அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்றுக்கு வினாடிக்கு எண்பதாயிரம் தடவை மின்சாரத்தைக் கொடுத்துக் கொடுத்து நிறுத்தி, அதிலிருந்து வருவதை டயோடும் கெபாசிட்டருமாகக் கட்டிய ஏணியில் படிப்படியாக மேலே ஏற்றினாள். தாரிகா வயிற்றில் இருந்தபோது அத்தனையையும் கணினித் திரையிலேயே வரைந்து, ஓட்டிப் பார்த்து முடித்தாள். அந்த வருடம்தான் புதிய விதி வந்திருந்தது: உயிர்காக்கும் அவசரக் கருவிகளை நிஜத்தில் வைத்துச் சோதிக்க வேண்டியதில்லை, அங்கீகாரம் பெற்ற மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டிய அறிக்கையே போதும். குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நேரம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அறிக்கையில் சத்தம் என்ற கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. கீழே நித்திலாவின் கையெழுத்து.

டாக்டர் ஜெசிந்தா தாரிகாவின் கழுத்துக்கு மருந்து தடவிவிட்டு, காலைத் தட்டிப் பார்த்தார். உள்ளங்காலில் மெதுவாகக் கிள்ளினார். குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. முகம் சுருங்கியது. வாய் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

"வலி நல்லாத் தெரியுது. தொண்டையும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்புறம் ஏன் டாக்டர் அழ மாட்டேங்கறா?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இந்த வருஷம் இப்பிடி நெறையப் பாக்கறேம்மா. போன வாரம் ஒரு பையனக் கொண்டாந்தாங்க. கை ஒடிஞ்சிருக்கு. எப்ப ஒடிஞ்சதுன்னு பெத்தவளுக்கே தெரியல. குளிக்க வெக்கறப்பதான் வீக்கத்தைப் பாத்திருக்கா. நான் கையத் தொடறேன், அவன் என் மூஞ்சியவே பாத்துட்டுக் கெடக்கறான். இத்தனை வருஷத்துல எனக்கு அன்னைக்குத்தான் ஒரு குழந்தையப் பாத்துப் பயமா இருந்துச்சு."

"என்ன காரணம்?"

"தெரியல. எல்லாம் தொட்டில்ல பெட்டி மாட்டுன வீட்டுக் குழந்தைங்க. ஆனா இந்த ஊர்ல பெட்டி மாட்டாத வீடு எது? அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." சற்று நிறுத்தி, "அந்தப் பெட்டியப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். எல்லாத் தாய்மாரிடமும் கேட்டுவைக்கிற கேள்விதான் அது.

"தெரியாதுங்க" என்றாள் நித்திலா. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

ஆபீசுக்குப் போனதும் பழைய கோப்பைத் திறந்தாள். அவள் வரைந்த சுற்று அப்படியே திரையில் விரிந்தது. ஒவ்வொரு பாகத்தையும் உண்மையான பாகம்போலவே நடந்துகொள்ளும்படி பார்த்துப் பார்த்து அமைத்திருந்தாள். கடைசியில் ஊசி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது. அங்கே வெறும் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டிருந்தாள். ஊசி, அதன் கீழே இருக்கும் காற்று, அந்தக் காற்றில் கிடக்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து மாறாத ஓர் எண். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சீக்கிரம் ஓடும்.

ரெசிஸ்டர் மூச்சு விடாது.

அதை எடுத்துவிட்டு, மூச்சுக்குத் தகுந்தபடி ஏறி இறங்குகிற ஒன்றை அங்கே வைத்தாள். வாய்விட்டு அழும் குழந்தையின் மூச்சு சூடாகவும் ஈரமாகவும் மேலே எழும்பும். பெட்டி முகத்துக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. ஈரக்காற்று பட்டால் ஊசி இழுக்கும் மின்சாரம் சட்டென்று குறையும். இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சிமுலேஷனை முன்பைவிட நீண்ட நேரத்துக்கு ஓடவிட்டாள்.

முதலில் துடிப்புகள் சீப்பின் பற்கள்போல நெருக்கமாக, ஒரே சீராக வந்தன. அழுகை தொடங்கும் இடத்தில் சீப்பு உடைந்தது. தேவை குறைந்துவிட்டது என்று கண்டுகொண்ட கட்டுப்பாட்டுச் சில்லு, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் துடிப்புகளை விட்டு விட்டு அனுப்ப ஆரம்பித்தது. மூன்று நான்கு துடிப்பு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று நான்கு. அந்தக் கொத்துகளை எண்ணிப் பார்த்தாள். வினாடிக்குப் பதினேழாயிரம்.

எண்பதாயிரம் என்றால் மனிதக் காதுக்கு எட்டாது. பதினேழாயிரம் எட்டும். ஆனால் எல்லாக் காதுக்கும் அல்ல. வயது ஏற ஏறக் காது அந்த உச்சத்தை இழந்துவிடும். முப்பத்தைந்து வயது நித்திலாவுக்கு அது கேட்காது. பிறந்த குழந்தைக்கு நன்றாகக் கேட்கும்.

அலமாரியிலிருந்து ஒரு தளிரை எடுத்து மேஜைமேல் வைத்து மாட்டினாள். பக்கத்தில் காதுக்கு எட்டாத ஒலிகளையும் பதிவு செய்யும் மைக்கைப் பொருத்தினாள். பெட்டிக்கு மேல் குனிந்து, ஊசிமேல் ஹா என்று மூச்சுவிட்டாள். நிறுத்தினாள். மறுபடி விட்டாள். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பதிவானதை எட்டு மடங்கு மெதுவாக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

இரும்புத் தகட்டை ஆணியால் கீறியதுபோல ஓர் அலறல் காதைத் துளைத்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில் பிடித்தபடி மீண்டும் கேட்டாள். அவள் மூச்சுவிட்ட இடத்தில் அலறல் வந்தது. நிறுத்திய இடத்தில் நின்றது. மறுபடி விட்ட இடத்தில் மறுபடி வந்தது.

இத்தனை மாதமும் அந்தத் தொட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். தலைக்குப் பக்கத்தில் அது அலறியிருக்கிறது. தாலாட்டுகூடப் பாடியிருக்கிறாள்.

சென்னியப்பனுக்கு அறுபதை ஒட்டிய வயது. பம்பு மோட்டார்களில் ஆரம்பித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். நித்திலாவை முதல் நாளிலிருந்து மகள்போலத்தான் நடத்தினார். அவள் சொல்லச் சொல்ல, சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு கண்ணு. சத்தம் வருது, சரி. அதுக்கும் குழந்தை அழாததுக்கும் என்ன?"

"சும்மா இருக்கறப்ப வராதுங்க சார். அழுதா மட்டும்தான் வரும். வாயத் தெறந்து அழுதா, மூச்சுப் பட்டு இது கத்தும். நிறுத்துனா இதுவும் நிறுத்திரும். மறுக்கா அழுதா மறுக்காக் கத்தும். அதுங்களுக்கு என்ன புரியும்? அழுதா மேல இருந்து ஒண்ணு வந்து அதட்டுது, அவ்வளவுதான் புரியும். டிரான்ஸ்பார்மர மேல்மூடியோட சேத்து ஒட்டியிருக்கோம். அந்த மூடி தம்பட்டம் மாதிரி அதிருது. நமக்குக் கேக்கல. அதுங்களுக்குக் காதுக்குள்ள ஊசி குத்துன மாதிரி இருக்கும்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். வெளியே புகையில் எதிர்க் கட்டடமே மங்கலாகத்தான் தெரிந்தது.

"என் பேரனும் அதுலதான் கெடக்கறான்" என்றார். பிறகு, "அவன் நல்லாத்தான இருக்கறான்" என்றார்.

சன்னலிலிருந்து திரும்பி, தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகள். "படிச்சுப் பாரு. புகையப் பத்தி யாராச்சும் எழுதிருக்காங்களா பாரு."

நித்திலா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மாட்டிய வாரத்திலேயே அழுகை நின்றுவிட்டது. தங்கமான பெட்டி. எங்கள் வீட்டில் குழந்தை இருப்பதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. மூத்தவனுக்கும் இது இருந்திருக்கக் கூடாதா.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"சத்தமெல்லாம் எனக்கெங்க தெரியும்? அழுக நிக்குதுன்னு தெரியும். நல்ல காத்து, அதனால நல்லாத் தூங்குதுங்கன்னு நெனச்சேன்." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்பிடி நெனைக்கறதுதான் எனக்கும் தோதா இருந்துச்சு. சரி, இத மாத்த முடியுமா?"

"ஒரே ஒரு பாகத்த மாத்துனாப் போதுங்க சார். சத்தம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிரும். ஆனா வித்தது அத்தனையும் திரும்ப வாங்கணும். ஏன்னு ஜனங்ககிட்டச் சொல்லணும்."

"மாத்தித் தர்றேன். ஏன்னு மட்டும் சொல்ல மாட்டேன்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் பெட்டியக் கழட்டி வீசிருவாங்க. புதுசு வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. வெளிய பாரு. இந்தப் புகைல எத்தன போகும்? அதுக்கு நீ பொறுப்பு ஏத்துக்குவியா, நித்திலா? நான் மாட்டேன்."

அறிக்கையின் கீழே இருக்கும் தன் கையெழுத்து அவள் கண்முன் வந்து நின்றது. வெளியே சொல்வதற்கும் பயம், சொல்லாமல் இருப்பதற்கும் பயம். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுத் தொட்டிலிலிருந்து பெட்டியைக் கழற்றிவிட்டு, தன் கையாலேயே மாற்றியமைத்த ஒன்றை மாட்டினாள். தினகரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் தாரிகாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெகு நேரம் அவள் காதுகளை இரண்டு கையாலும் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். அப்புறம் இருவரும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். பால் கொடுக்க வேண்டுமென்றே தாமதித்தார்கள். குழந்தை விரலைச் சூப்பியது. ஈரத்துணியை மாற்றாமல் விட்டுப் பார்த்தார்கள். அப்படியே கிடந்தது. ஒரு நாள் தவழ்ந்துபோய்க் கட்டில் காலில் நெற்றியை இடித்துக்கொண்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை உதட்டை மடித்துக் கடித்தபடி நடுங்கிவிட்டு, மறுபடி தவழ்ந்தது. தினகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

'மேம்படுத்தப்பட்ட தளிர்' என்று விளம்பரம் செய்து, பழையதைக் கொடுத்தால் புதியதை இலவசமாகத் தருவதாக அறிவித்தார் சென்னியப்பன். முதலில் கூட்டம் அலைமோதியது. கொஞ்ச நாளில் அதே கூட்டம் திரும்பி வந்தது. புதியது வேலை செய்யவில்லை, குழந்தை அழுகிறது என்றார்கள். தூசி படிகிற தகட்டைக் காட்டி, காற்றைச் சுத்தம் செய்கிறது பாருங்கள் என்றால், அதை யார் கேட்டார்கள் என்றார்கள். பச்சைக் குழந்தை வைத்திருந்தவர்கள்தான் அதிகமும் வந்தார்கள். அதன்பின் பழைய பெட்டியை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கைமாற்றிக் கொண்டார்கள். ஒருத்தி வீட்டுக் குழந்தை வளர்ந்ததும் அடுத்தவளிடம் போயிற்று.

வளர்மதி என்ற பெண் ஒரு மத்தியானம் ஆபீசுக்கே வந்து நின்றாள். நூற்பாலையில் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தோளில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் வெகுகாலமாகக் கேட்காத சத்தம். எல்லா அறைகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. நித்திலா ஓடிவந்து அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தாள். அந்த அழுகையைக் கேட்க அவளுக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

"பழைய பெட்டி ஒண்ணு குடுங்கக்கா. ஒரே ஒண்ணு" என்றாள் வளர்மதி. "லைன் வீடுங்க. சுவரு காகிதமாட்ட. அந்தப் பக்கம் நைட் ஷிப்டு பாத்தவங்க பகல்ல தூங்கறாங்க. நேத்தோட மூணாவது ஆளு வந்து சண்ட போட்டுட்டுப் போயாச்சு. வீட்டுக்காரம்மா காலி பண்ணுங்கறா. மத்த வீட்லயெல்லாம் குழந்த அழறதில்லியாம். என்னுது மட்டும் என்ன சனியனாம்."

நித்திலாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னாள். பெட்டி எப்படி அலறுகிறது, குழந்தை எப்படிப் பயந்து அடங்குகிறது, எறும்பு கடித்தபோது தன் மகள் எப்படிக் கிடந்தாள் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். வளர்மதி குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டாள். கண் கலங்கியது.

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும்."

"காது போயிருமா?"

"தெரியல. போகாதுன்னுதான் நெனைக்கறேன்."

"உசுருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"அதுக்கு ஆகாது. ஆனா..."

"அப்பக் குடுங்கக்கா" என்றாள் வளர்மதி. "தெருவுல நின்னா இந்தப் புகைல செத்துரும்."

நித்திலா கொடுக்கவில்லை. வளர்மதி கெஞ்சிப் பார்த்தாள், திட்டினாள், எழுந்து போய்விட்டாள். அவள் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அன்று சாயங்காலமே நித்திலா எல்லாவற்றையும் எழுதி, தன் பெயரையும் போட்டு, விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினாள். டாக்டர் ஜெசிந்தாவுக்கும் ஒரு நகல் அனுப்பினாள். டாக்டர் உடனே கூப்பிட்டு அழுதார். அலுவலகத்திலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது: அங்கீகரிக்கப்பட்ட சிமுலேஷன் அறிக்கையின்படி கருவியில் சத்தம் இல்லை.

மாசி கடைசியில் தாரிகாவுக்குத் தடுப்பூசி போடும் முறை வந்தது. நித்திலா அவளைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். கூடம் நிறையத் தாய்மார்கள். பெஞ்சுகளிலும் தரையிலும் மடியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியின் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"முன்னெல்லாம் இந்த நாள் வந்தா எனக்குத் தலவலி மாத்திர போடாம முடியாது" என்று ஊசி போடும் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இப்பப் பாருங்க. தங்கக் கட்டிங்க."

ஒவ்வொரு குழந்தையின் தொடையிலும் ஊசி ஏறிற்று. ஒவ்வொரு வாயும் திறந்தது. ஒவ்வொரு முகமும் சிவந்து, சுருங்கி, அப்படியே நின்றது. சத்தமில்லை. தாய்மார்கள் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

தாரிகாவின் முறை வந்தது. ஊசி இறங்கியதும் குழந்தை விறைத்தது. வாய் திறந்தது. பிறகு அது அண்ணாந்து மேலே பார்த்தது. கூரையைப் பார்த்தது, எதையோ எதிர்பார்க்கிறாற்போல. நித்திலாவும் அண்ணாந்து பார்த்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் எல்லாமே கண்ணீர் வழிய அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. எந்தத் தாயும் அதைக் கவனிக்கவில்லை.

அத்தனை மாதமாக நித்திலா அடக்கிவைத்திருந்த அழுகை வெடித்துக் கிளம்பியது. வெட்கம் பார்க்காமல், வாய்விட்டு, சின்னக் குழந்தை அழுவதுபோல ஓவென்று அழுதாள். இப்படியும் அழலாம், அழுதால் மேலேயிருந்து எதுவும் வராது என்று மகளுக்குக் காட்டிவிட வேண்டும்போல இருந்தது. நர்ஸ் கையில் ஊசியோடு திகைத்து நின்றாள். தாய்மார்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

தாரிகா பதறிப்போய்க் கூரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி கூரையைப் பார்த்தாள். பிறகு நடுங்குகிற சின்னக் கையை எடுத்து, அம்மாவின் வாய்மேல் வைத்து, தன் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தி மூடினாள்.